கல்சியம் நைத்திரேற்று, எப்சம், பொசுபேற்று எல்லாம் ஒரே பரலில்: எது படியும், எது படியாது என்று கலக்க முன்னமே கணக்குப் போடுவது எப்படி?

வெலிமடை டனல் எழுதியது:

வணக்கம். பொலிடனலில் தும்புச்சோறு பையில் பெல் பெப்பர் போட்டிருக்கு. டிரிப் லைனுக்கு, பரலில் இருக்கிற கெட்டிக் கரைசலை 1க்கு 100 விகிதத்தில் தண்ணியில் கலந்து விடுற இன்ஜெக்டர் ஓடுது. இதுவரைக்கும் பக்கற்றில் வரும் ஆல்பர்ட் கலவைதான் (ஆயத்தமாக் கலந்து வருகிற பசளை). இனிமேல் தனித்தனி உப்பாக வாங்கிக் கலக்க யோசனை. 100 லீற்றர் பரலுக்குப் போட்டிருக்கிற கணக்கு இது:

கல்சியம் நைத்திரேற்று (குருணை, கல்சியம் 19%) 10 கிலோ
பொற்றாசியம் நைத்திரேற்று 5 கிலோ
மகனீசியம் சல்பேற்று (எப்சம் உப்பு) 5 கிலோ
மொனோ பொற்றாசியம் பொசுபேற்று 2.5 கிலோ

இதே விகிதத்தில் ஒரு பக்கற்றில் 10 லீற்றர் கலந்து பார்த்தால், எப்சம் விழுந்த உடனே பால் மாதிரி ஆகுது. காலையில் பார்த்தால் அடியில் வெள்ளை மண்டி. ஆனா இதே உப்புகளை 1,000 லீற்றர் டாங்கில் நேரே பயிருக்குப் போகிற அளவில் கரைச்சால் கண்ணாடி மாதிரித் தெளிவா இருக்கு. தண்ணி ஊத்துத் தண்ணி, பீஎச் 6.8.

அந்த மண்டி என்ன? டாங்கில் ஏன் வரல்ல? இதுக்குப் பிறகு நாக (துத்தநாக) சல்பேற்று, செம்பு சல்பேற்று, போராக்ஸ், இரும்பு எல்லாம் சேர்க்கணும். ஒவ்வொண்ணையும் போட்டுப் பார்த்துப் பசளையை வீணாக்காம, எழுதிப் பார்த்தே கண்டுபிடிக்க வழி இருக்கா?

—

ஹட்டன் இரசாயனம் எழுதியது:

வழி இருக்கு. முதலில் பையில் இருக்கிற பெயரை விட்டுடுங்க. கரைஞ்ச பிறகு பரலுக்குள்ளே "கல்சியம் நைத்திரேற்று" என்று ஒரு பொருளே கிடையாது. கல்சியம், அமோனியம், பொற்றாசியம், மகனீசியம் என்று நாலு கற்றயன் (நேரேற்றம் உள்ள அயன்). நைத்திரேற்று, சல்பேற்று, பொசுபேற்று என்று மூணு அன்னயன் (மறையேற்றம் உள்ள அயன்). (குருணைக் கல்சியம் நைத்திரேற்றில் கொஞ்சம் அமோனியம் நைத்திரேற்றும் சேர்ந்தே இருக்கும், அமோனியம் வந்தது அங்கேயிருந்து.) நாலும் மூணும் குறுக்கே சேர்ந்தால் 12 சோடி. நைத்திரேற்று எதோடயும் படியாது, நாலு போச்சு. பொற்றாசியம், அமோனியம் உப்புகள் நல்லாக் கரையும், இன்னும் நாலு போச்சு. மகனீசியம் சல்பேற்று நீங்க பையிலேயே வாங்கிக் கரைக்கிற சாமான், அதுவும் போச்சு. மிஞ்சினது மூணே சோடி: கல்சியமும் சல்பேற்றும், கல்சியமும் பொசுபேற்றும், மகனீசியமும் பொசுபேற்றும். இந்த மூணுக்கு மட்டும் கணக்குப் போட்டால் போதும்.

பரலில் லீற்றருக்கு எத்தனை மூல் என்று பார்ப்போம். 10 கிலோவில் 19% என்றால் 1,900 கிராம் கல்சியம். 40ஆல் வகுத்து 100 லீற்றருக்குப் பிரிச்சால் 0.474 மூல். எப்சம் 5,000 கிராமை 246.5ஆல் வகுத்தால் 20.3 மூல், லீற்றருக்கு 0.203. பொசுபேற்று 2,500ஐ 136ஆல் வகுத்து, லீற்றருக்கு 0.184.

கல்சியம் சல்பேற்று படியும்போது இரண்டு நீர் மூலக்கூறோட ஜிப்சமாகப் படியும். அதன் கரைதிறன் பெருக்கம் (இரண்டு அயன்களின் செறிவையும் பெருக்கி வருகிற எண் இந்த எல்லையைத் தாண்டினால் படியும்) 25 பாகையில் சுமார் 3.1 × 10⁻⁵. உங்க பரலில் 0.474 × 0.203 = 0.096. எல்லையைப் போல 3,000 மடங்கு. இதுக்கு மேல யோசிக்க ஒண்ணுமில்லை, விழுந்தே தீரும்.

டாங்கில் இரண்டு செறிவும் நூறில் ஒண்ணு. அப்போ பெருக்கம் பத்தாயிரத்தில் ஒண்ணு ஆகிடும்: 9.6 × 10⁻⁶. எல்லைக்குள்ளே வந்துட்டுது, அதனால தெளிவு. "இந்த இரண்டு உப்பையும் சேர்க்கக் கூடாது" என்று பொத்தாம்பொதுவாச் சொல்றது அரைகுறைப் பேச்சு. எந்தச் செறிவில் என்று கேட்காமல் பதில் சொல்ல முடியாது.

எவ்வளவு விழும் என்றும் சொல்லலாம். இரண்டில் குறைவானது சல்பேற்று. கல்சியம் மிதமிஞ்சி இருக்கிறதால (பொது அயன் விளைவு) சல்பேற்று ஏறக்குறைய முழுக்கவே போயிடும். 20.3 மூல் × 172 கிராம் = 3.5 கிலோ ஜிப்சம். 100 லீற்றர் பரலின் அடியில் மூன்றரைக் கிலோ! கல்சியத்தில் 43% அதோட போச்சு, கந்தகம் முழுக்கப் போச்சு. மகனீசியம் மட்டும் தப்பிச்சு நைத்திரேற்றோட கரைசலிலேயே நிற்கும். "தெளிஞ்ச தண்ணியை மட்டும் வடிச்சு எடுத்துக்கலாமே" என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைக் காட்டுங்க.

பொசுபேற்று விசயம் கொஞ்சம் சிக்கல், ஏன்னா அதுக்குப் பீஎச் தெரியணும். நீங்க போடுறது இருஐதரசன் பொசுபேற்று. அதன் கல்சியம் உப்பு நல்லாக் கரையும். படியிறது ஒரு ஐதரசன் குறைஞ்ச ஐதரசன் பொசுபேற்று வடிவம். கல்சியத்தோட அதன் கரைதிறன் பெருக்கம் சுமார் 2.6 × 10⁻⁷. மொத்தப் பொசுபேற்றில் எத்தனை பங்கு அந்த வடிவத்தில் இருக்கு என்றதைப் பீஎச் தீர்மானிக்கும். பீஎச் 5.5இல் 2%, 6இல் 6%, 7இல் 39%.

டிரிப்பில் போகிற அளவில், அதாவது கல்சியம் 0.00474, பொசுபேற்று 0.00184 என்று வச்சுப் பார்த்தால்:

பீஎச் 5.5: பெருக்கம் 1.7 × 10⁻⁷, எல்லைக்குள்ளே.
பீஎச் 6.0: 5.2 × 10⁻⁷, எல்லைக் கோட்டில்.
பீஎச் 7.0: 3.4 × 10⁻⁶, எல்லையைத் தாண்டியாச்சு.

6.0இல் எண் கூடுதலாத் தெரிஞ்சாலும் உண்மையில் பெரும்பாலும் தாங்கும். உப்புக் கரைசலில் மற்ற அயன்கள் சுற்றி நிற்கிறதால இரண்டு ஏற்றம் உள்ள அயன்களின் பயனுள்ள செறிவு இந்த அளவில் பாதிக்குக் கொஞ்சம் மேலதான் இருக்கும். இரண்டையும் பெருக்கினால் மூன்றில் ஒரு பங்கு. எல்லைக்கு இரண்டு மடங்கு என்றால் இந்தத் திருத்தம் போட்டுத்தான் முடிவு சொல்லணும். 3,000 மடங்குக்கு அது தேவையில்லை.

இதில் ஒரு நுட்பம். கல்சியம் ஐதரசன் பொசுபேற்று படியும்போது ஐதரசன் அயன் வெளியே வரும், பீஎச் இறங்கும், இறங்கினால் படிவும் தானாகவே நின்றுவிடும். உங்க பக்கற்றில் கலந்த பிறகு பீஎச் மளமளவென்று குறைஞ்சிருந்தால் மண்டியில் பொசுபேற்றும் இருக்கு என்று அர்த்தம். தனி ஜிப்சம் என்றால் பீஎச் அசையாது.

மகனீசியம் பொசுபேற்றுக்கு உங்க பீஎச்சில் பயமில்லை. பீஎச் 7.5, 8க்கு மேல போய், அமோனியமும் கூட இருந்தால்தான் மகனீசியம் அமோனியம் பொசுபேற்று என்ற படிகம் வரும்.

—

சொட்டுநீர் ராகலை எழுதியது:

சேர் சொன்ன கணக்குச் சரி. கையால செய்யும்போது கவனிக்க வேண்டியது சிலது இருக்கு.

இரண்டு பரல், இரண்டு இன்ஜெக்டர். அ பரலில் கல்சியம் நைத்திரேற்று, இரும்புக் கீலேற்று (இரும்பு படியாமல் ஒரு சேதனச் சேர்வை பிடிச்சு வச்சிருக்கிற வடிவம்). பொற்றாசியம் நைத்திரேற்றில் பாதியை இங்கே போட்டாலும் குற்றமில்லை. ஆ பரலில் சல்பேற்று, பொசுபேற்று எல்லாம், நாகம் செம்பு மங்கனீசு போரன் உட்பட. ஒரே பைப்பில் இரண்டு இன்ஜெக்டரும் அடுத்தடுத்து ஒட்டி இருக்கக் கூடாது. முதல் பரலின் கரைசல் தண்ணியோட நல்லாக் கலந்த பிறகுதான் இரண்டாவது சேரணும். இல்லாட்டி பைப்புக்குள்ளேயே ஒரு முழ நீளத்துக்கு உங்க பக்கற் பரிசோதனை நடக்கும்.

கரைக்கிற ஒழுங்கு: பரலில் முதலில் 70 லீற்றர் தண்ணி. அமிலம் போடுறதா இருந்தால் அது அடுத்தது (தண்ணிக்குள்ளே அமிலம், மாறி ஒருக்காலும் இல்லை). ஆ பரலில் பொசுபேற்று, பிறகு எப்சம், பிறகு பொற்றாசியம் நைத்திரேற்று. ஒண்ணு முழுக்கக் கரைஞ்ச பிறகுதான் அடுத்தது. பொற்றாசியம் நைத்திரேற்று கரையும்போது சூட்டை உறிஞ்சும். 5 கிலோ போட்டால் 100 லீற்றரும் 4 டிகிரி அளவுக்குக் குளிர்ந்திடும். மார்கழி, தை மாசத்துக் காலை நேரத்தில் ஏற்கனவே 12 டிகிரியில் இருக்கிற தண்ணி 8க்குப் போனால் மிச்ச உப்பு மெதுவாத்தான் கரையும். அவசரப்பட்டு "படிஞ்சிட்டுது" என்று முடிவு கட்டாதீங்க, வெயில் ஏறும் வரைக்கும் விட்டுப் பாருங்க.

இதே காரணத்தால 1க்கு 200 என்று ஆ பரலை இரண்டு மடங்கு கெட்டியாக்கப் போகாதீங்க. அப்போ பொற்றாசியம் லீற்றருக்கு 1.36 மூல், சல்பேற்று 0.41 மூல். 25 டிகிரியில் தாங்கும். 10 டிகிரியில் பொற்றாசியம் சல்பேற்று எல்லைக்கு மேல போய்ப் படிகமாகும். நுவரெலியா, கந்தப்பளைப் பக்கம் ராத்திரிக் குளிருக்கு அது சாதாரணமா நடக்கும். ஜிப்சமா, பொற்றாசியம் சல்பேற்றா என்று பிரிச்சு அறியிறது லேசு: ஒரு கரண்டி மண்டியை எடுத்து ஒரு கோப்பை வெந்நீரில் போடுங்க. பொற்றாசியம் சல்பேற்று மறைஞ்சிடும். ஜிப்சம் அப்படியே கிடக்கும், அதன் கரைதிறன் வெப்பநிலையோட பெரிசா மாறாது.

மற்ற மண்டிகளுக்கு ஐதான ஐதரோகுளோரிக் அமிலம், இல்லாட்டி வினாகிரி. நுரைச்சால் காபனேற்று. நுரைக்காமல் கரைஞ்சால் பொசுபேற்று. ஒண்ணுமே நடக்காட்டி ஜிப்சம். கல்சியம் நைத்திரேற்றுக் குருணையில் கட்டி பிடிக்காமல் இருக்க ஒரு பூச்சு இருக்கும். அது பரலின் மேலே பழுப்பு ஆடையா மிதக்கும். அது படிவு இல்லை, வழிச்சு எறிஞ்சால் போதும்.

டிரிப் அடைச்ச பிறகு அமிலம் விட்டுக் கழுவுறதும் இந்தக் கணக்கோட சம்பந்தப்பட்டதுதான். பொசுபேற்றும் காபனேற்றும் பீஎச் 2 அளவு அமிலத்தில் கரைஞ்சு வெளியே வரும். ஜிப்சத்துக்கு அமிலம் பெரிசா உதவாது. நல்ல தண்ணியில் லீற்றருக்கு 2.4 கிராம்தான் கரையும், அந்த 3.5 கிலோவையும் கரைக்க 1,450 லீற்றர் தண்ணி வேணும். அதைவிட டிரிப்பரை மாத்துறது மலிவு.

தண்ணியைப் பற்றி ஒண்ணு. பீஎச் 6.8 என்று மட்டும் பார்த்து முடிவு எடுக்காதீங்க. ஊத்துத் தண்ணியில் இருகாபனேற்று எவ்வளவு என்று பார்க்கணும். மலைநாட்டுத் தண்ணி பெரும்பாலும் மென்மையானது, ஆனா திகன, வெலிமடை, பதுளைப் பக்கங்களில் சுண்ணக்கல், டொலமைற்றுப் படைகள் ஓடுது. அந்தப் பாறை வழியா வருகிற ஊத்தில் இருகாபனேற்று கூட இருக்கும், அமிலம் விட்டாலும் பீஎச் மறுபடி மறுபடி ஏறும். சேர் எழுதின 5.5, 6.0, 7.0 கணக்கு அங்கேதான் பிடிக்கும்.

—

தேயிலை மலை எழுதியது:

நுண்ணுப்புகளைப் பற்றிக் கேட்டிருந்தீங்க. அதில் பார்க்க வேண்டிய அன்னயன் ஐதரொட்சைட்டு. அதைப் பையில் வாங்குறதில்லை, பீஎச் ஏறினால் தானா வந்து நிற்கும். அதனால நிறையப் பேரின் பட்டியலில் விட்டுப்போகும்.

உலோகம் லீற்றருக்கு 0.02 மூல் இருந்தால் (செம்பு சல்பேற்று லீற்றருக்கு 5 கிராம் அளவு) ஐதரொட்சைட்டாகப் படியத் தொடங்குற பீஎச் ஏறக்குறைய இப்படி:

பெரிக் இரும்பு (மூணு ஏற்றம் உள்ளது) 1.7
செம்பு 5.0
நாகம் 6.6
மங்கனீசு 8.5
மகனீசியம் 9.2

செறிவு நூறு மடங்கு குறைஞ்சால் செம்பு, நாகம், மங்கனீசு, மகனீசியம் எல்லாம் ஒரு அலகு மேலே போகும். பெரிக் இரும்புக்கு மூணில் இரண்டு அலகுதான், ஏன்னா அதுக்கு ஐதரொட்சைட்டு மூணு.

இந்த வரிசையைப் பார்த்தாலே போராக்ஸ் ஏன் ஆகாது என்று புரியும். போராக்ஸ் கரைசல் பீஎச் 9.2 பக்கம் நிற்கும், அதுவும் தாங்கல் கரைசல், லேசில் இறங்காது. நாக சல்பேற்றுக் கெட்டிக் கரைசலில் அதை ஊற்றினால் வெள்ளையாத் திரண்டுவிடும். அதுக்குப் பதிலா போரிக் அமிலம் போடுங்க. போரன் அதே போரன், பீஎச்சும் ஏறாது. போராக்ஸ்தான் கையில் இருக்கு என்றால் பரலை முதலில் அமிலமாக்கிட்டு, போராக்ஸைத் தனியாக் கரைச்சு, கடைசியில் கொஞ்சங் கொஞ்சமா விடுங்க.

இரும்பைப் பெரசு (இரண்டு ஏற்ற) சல்பேற்றா ஆ பரலில் போட்டால் காற்றுப்பட்டுப் பெரிக் ஆகும், அங்கே பொசுபேற்று காத்துக்கிட்டு இருக்கு, மஞ்சள் கலந்த வெள்ளை மண்டிதான் மிச்சம். அதனாலதான் கீலேற்று. ஈடிடிஏ இரும்பு பீஎச் 6.5 வரைக்கும், டிடிபிஏ 7.5 வரைக்கும், ஈடிடிஎச்ஏ 9 வரைக்கும் தாங்கும். 6.5க்கு மேல ஈடிடிஏயை ஏன் நம்ப முடியாது என்றால், இரும்பு ஐதரொட்சைட்டாப் பிரியப் பார்க்கும், விட்டுப்போன இடத்தைச் சுற்றியிருக்கிற கல்சியமும் நாகமும் பிடிச்சுக்கும். பரலின் சுவரில் துருக் கோடு விழுந்தால் அதுதான் நடக்குது. பரலை வெயில் படாமல் மூடியும் வைங்க, வெளிச்சம் இரும்புக் கீலேற்றைச் சிதைக்கும். அதுக்காக அ பரலில் அமிலத்தை அள்ளி ஊற்றவும் வேணாம். பீஎச் மிகவும் கீழே போனால் ஈடிடிஏயே அமில வடிவத்தில் வெள்ளையாப் படியலாம்.

தெளிக்கிற வேலையிலும் இதே கணக்குத்தான். தேயிலைக்கு நாக சல்பேற்று அடிக்கிறவங்க சில நேரம் அதே டாங்கில் கொப்புள நோய்க்கு அடிக்கிற செம்பு மருந்தையும் சேர்க்கப் பார்க்கிறாங்க. செம்பு ஐதரொட்சைட்டு, செம்பு ஒட்சைட்டு மருந்துகள் கரையாமல் இருக்கிறதாலதான் இலை தாங்குது. நாக சல்பேற்றுக் கரைசல் அமிலத்தன்மை உள்ளது. அதில் செம்பு கூடுதலாக் கரைஞ்சு கொழுந்தைக் கருக்கும். இங்கே ஆபத்து படியிறது இல்லை, படிஞ்சிருந்தது கரையிறது. இரண்டு பக்கமும் யோசிக்கணும்.

போர்டோக் கலவையில் படிவைத்தான் நாம வேணுமென்றே உண்டாக்குறோம். 100 லீற்றருக்கு செம்பு சல்பேற்று 1 கிலோ, சுண்ணாம்பு 1 கிலோ. செம்பு ஐதரொட்சைட்டாக நீலமாத் திரளும், முழுக்கப் படிஞ்சுதா என்று பார்க்க ஒரு பளிச்சென்ற இரும்புக் கத்தியை ஒரு நிமிசம் அமிழ்த்தி எடுப்பாங்க. கத்தியில் செம்புச் சிவப்பு ஏறினால் கரைஞ்ச செம்பு இன்னும் மிச்சம் இருக்கு, சுண்ணாம்பு போதல்ல.

—

ஏஎல் இரண்டாம் வருசம் எழுதியது:

சேர், இதோட சேர்த்து ஒரு சந்தேகம். வகுப்பில் "சோடி மாத்தி எழுது" என்றுதான் பழக்கம். எப்சமும் பொற்றாசியம் நைத்திரேற்றும் கலந்தால் பொற்றாசியம் சல்பேற்றும் மகனீசியம் நைத்திரேற்றும் வரும் என்று சமன்பாடு எழுதலாமா? சோடி மாத்தினால் எப்பவும் சரியா வருமா?

—

ஹட்டன் இரசாயனம் எழுதியது:

தம்பி, அந்தச் சமன்பாடு எழுதினால் பிழை. ஐதான கரைசலில் கலக்க முன்னும் நாலு அயன், கலந்த பின்னும் அதே நாலு அயன். தாக்கம் இல்லை என்று எழுதணும். ஏதாவது ஒண்ணு படியணும், வாயுவாப் போகணும், நீராகணும், சிக்கல் அயனாகணும், இல்லாட்டி இலத்திரன் கைமாறணும். ஐந்தில் ஒண்ணும் இல்லாட்டி அம்புக்குறி போடாதே.

சோடி மாத்துறது ஏமாத்துற இடங்களை மனசில் வை. அலுமினியம் சல்பேற்றும் சோடியம் காபனேற்றும் சேர்ந்தால் அலுமினியம் காபனேற்று வராது. அலுமினியம் ஐதரொட்சைட்டு ஊன்பசை மாதிரிப் படியும், காபனீரொட்சைட்டு நுரைச்சு வெளியேறும். பெரிக் உப்புக்கும் அப்படித்தான். செம்பு சல்பேற்றோட காபனேற்றுச் சேர்ந்தால் வருகிற நீலப்பச்சை தனிக் காபனேற்று இல்லை, ஐதரொட்சைட்டும் கலந்த மூல காபனேற்று. செம்பு சல்பேற்றோட பொற்றாசியம் அயடைட்டு என்றால் இரண்டு ஏற்றம் உள்ள செம்பு அயடைட்டு கிடைக்காது. செம்பு ஒரு ஏற்றத்துக்கு இறங்கி வெள்ளை அயடைட்டாப் படியும், அயடீன் பழுப்பா நிற்கும். அமோனியாக் கரைசலைத் துளித்துளியா விட்டால் செம்பும் நாகமும் முதலில் படிஞ்சு, மிகையில் திரும்பக் கரையும். இரும்பும் அலுமினியமும் கரையாது.

இரண்டு உலோகம் ஒரே அன்னயனுக்குப் போட்டியிட்டால் யார் முதல் என்றதுக்கு ஒரு கணக்கு. பேரியம், கல்சியம் இரண்டும் 0.01 மூல், சல்பேற்றை மெதுவாச் சேர்க்கிறோம். பேரியம் படிய 1.1 × 10⁻⁸ சல்பேற்றுப் போதும். கல்சியத்துக்கு 3.1 × 10⁻³ வேணும். கல்சியம் படியத் தொடங்கும்போது கரைசலில் மிஞ்சின பேரியம் 3.5 × 10⁻⁸, அதாவது ஒண்ணுமில்லை என்ற அளவு. இங்கே இரண்டு உப்பும் ஒன்றுக்கு ஒன்று விகிதம் என்றதால கரைதிறன் பெருக்கத்தை நேரே ஒப்பிடலாம். விகிதம் வேறென்றால், உதாரணமா வெள்ளிக் குளோரைட்டும் வெள்ளிக் குரோமேற்றும், பெருக்கத்தைப் பார்த்து முடிவு சொல்லக் கூடாது. தேவையான அயன் செறிவைத் தனித்தனியாக் கண்டுதான் ஒப்பிடணும். பரீட்சையில் மாட்டுற இடம் அதுதான்.

—

வெலிமடை டனல் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. கடைசியா ஒண்ணு. எப்சமை விட்டுட்டு மகனீசியம் நைத்திரேற்றுப் போட்டால் சல்பேற்றே இல்லையே. அப்போ ஒரே பரல் போதுமா? இரண்டாவது இன்ஜெக்டர் விலை கொஞ்சம் உதைக்குது.

—

ஹட்டன் இரசாயனம் எழுதியது:

ஜிப்சம் வராது, சரி. பொசுபேற்று அங்கேயேதானே இருக்கு. பரலின் பீஎச் 4.5 என்று வச்சாலும் ஐதரசன் பொசுபேற்று வடிவம் 0.2% இருக்கும்: 0.00037 × 0.474 = 1.7 × 10⁻⁴. எல்லை 2.6 × 10⁻⁷. ஏற்றத் திருத்தம் எவ்வளவு தாராளமாப் போட்டாலும் தாண்டிடும். அதோட பயிருக்குக் கந்தகம் எங்கேயிருந்து வரும்? பொற்றாசியம் சல்பேற்று போடணும், திரும்ப அதே சல்பேற்று.

—

சொட்டுநீர் ராகலை எழுதியது:

இன்ஜெக்டர் ஒண்ணுதான் என்றால் பரலை மட்டும் இரண்டாக்குங்க. காலைப் பாய்ச்சலுக்கு அ, இடையில் பத்து நிமிசம் வெறும் தண்ணி, மத்தியானப் பாய்ச்சலுக்கு ஆ. இடையில் ஓடுற வெறும் தண்ணிதான் முக்கியம், அதை விட்டால் லைனுக்குள்ளே இரண்டும் முட்டும். இல்லாட்டி இன்ஜெக்டரையே மறந்து, இப்ப செய்யிற மாதிரி 1,000 லீற்றர் டாங்கிலேயே நேரே கரைச்சு, பீஎச்சை 5.8க்குக் கொண்டுவந்து விடுங்க. டாங்க் நிறைஞ்ச பிறகு கல்சியத்தை ஒரு பக்கற்றில் கரைச்சுக் கடைசியில் ஊற்றுங்க, கலக்கிக்கொண்டே.